உங்களுக்குத் தெரியுமா? நாவலில் இரக்கமற்றவர்கள், திரையில் இரங்குபவர்கள்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேட் ரன்னர்’ (1982) திரைப்படம், அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1968-இல் வெளியிட்ட ‘டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?’ நாவலைத் தழுவியது. தழுவும்போது எவை மாறின?

● நாவலின் நாயகன் டெக்கார்டுக்கு மனைவி உண்டு. குடியிருப்பின் மொட்டைமாடியில் மின்சார செம்மறியாடு ஒன்றை வைத்திருக்கிறான். ஒரு போரின் கதிரியக்கத்தால் விலங்கினங்கள் அருகிப்போன உலகில், உயிருள்ள விலங்கை வாங்குவதே அவன் ஆசை. படத்தில் அவன் தனி ஆள். ஆடும் இல்லை, அந்த ஆசையும் இல்லை.

● கதைக்களம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மழை ஓயாத லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது.

● நாவலில் செயற்கை மனிதர்களான ஆண்ட்ராய்டுகள் ஒரு சிலந்தியின் கால்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சோதிக்கின்றன. பிற உயிரின் வலி அவற்றுக்கு எட்டுவதே இல்லை.

● படத்திலோ, செயற்கை மனிதனான ராய் பேட்டி, தன்னைக் கொல்ல வந்த டெக்கார்டையே கைப்பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான்.



மனிதரை மனிதராக்குவது இரக்கமா என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே. அந்த இரக்கத்தை யாரிடம் காண்கிறோம் என்பதில்தான் நாவலும் படமும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.