உஷார்! கடல் திணறத் தொடங்கிவிட்டது

"அவ்வளவு பெரிய கடல் இருக்கிறதே, எல்லாவற்றையும் அது இழுத்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வண்டி ஓட்டியும் நிலக்கரி எரித்தும் காடழித்தும் நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல்தான் விழுங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன்! இது இப்படியே நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் 'இன்னும் எவ்வளவு புகை விடலாம்' என்று நாடுகள் கணக்குப் போடுகின்றன.

2023-இல் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது.

அது பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோ தலைகாட்டிய ஆண்டு. எல் நினோ வந்தால் கடல் உறிஞ்சும் வாயு வழக்கமாகக் கூடும். பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், கரியமில வாயு நிறைந்த ஆழ்கடல் நீர் மேலே வருவது அப்போது குறைந்துவிடும். அங்கிருந்து காற்றுக்குத் தப்பும் வாயுவும் குறையும். அந்த வருடமும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் வட அட்லாண்டிக் அதுவரை இல்லாத அளவுக்குச் சூடேறிக் கிடந்தது. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவாகவே உலகக் கடல்கள் உறிஞ்சின என்று சொல்கிறது. கிட்டத்தட்ட 100 கோடி டன், கடலுக்குள் போகாமல் காற்றிலேயே தங்கிவிட்டது.

காரணம் எளிது. வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் என்ன ஆகும்? சூடான நீரில் வாயு தங்காது. போதாக்குறைக்கு, சூடான நீர் லேசானது. மேலேயே மிதந்து, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்க மறுக்கும். மேல்நீர் கீழே இறங்கினால்தானே வாங்கிய வாயுவும் ஆழத்துக்குப் போகும்?

சூடு மட்டுமல்ல, வேதியியலும் எதிராக நிற்கிறது. 1957-இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரை, கடலின் வயிறு நாம் நினைத்த அளவு பெரிதல்ல என்று காட்டியது. காற்றில் கரியமில வாயு 10 சதவீதம் கூடினால், மேற்பரப்பு நீரில் கரைந்திருக்கும் மொத்தக் கரிமம் கூடுவது ஏறக்குறைய 1 சதவீதம்தான். உள்ளே போகும் வாயுவைக் கட்டிவைப்பவை கடல்நீரிலுள்ள கார்பனேட் அயனிகள். அவை தீரத் தீர அந்த ஒரு சதவீதமும் சுருங்கும். கூடவே நீரின் அமிலத்தன்மை ஏறும். தொழிற்புரட்சிக்குப் பிறகு ஏறத்தாழ 30 சதவீதம் ஏறிவிட்டது. 2007, 2008-இல் அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையிலுள்ள பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகள் ஓடு கட்ட முடியாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உள்ளே இறைத்த கடல்நீரின் அமிலத்தன்மைதான் கோளாறு என்று பிறகு தெரிந்தது.

இனி ஏமாறக்கூடிய இடம். கடல் உறிஞ்சும் மொத்த அளவு 1960-களோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் மேல் ஆகியிருக்கிறது. அந்த வரைபடத்தை நீட்டி, "பாருங்கள், கடல் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்பார்கள். காற்றில் வாயு ஏறியதால்தான் கடலுக்குள்ளும் அதிகம் திணிக்கப்படுகிறது. பார்க்க வேண்டியது, ஏறிய அளவுக்கு ஏற்ப இழுக்கிறதா என்பதை. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல் 1990-களில் தளர்ந்தது, 2000-களில் மீண்டும் வேகம் பிடித்தது என்பதும் உண்மை. ஒரே ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் கடல் சூடாகும் போக்கு மாறவில்லையே!

குறுக்குவழி விற்பவர்களிடமும் கவனம். 2009-இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில், பாசியை வளர்த்து வாயுவை இழுக்கவைக்கலாமா என்று இரும்புச் சத்தைத் தூவிப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது, வளர்ந்ததைச் சின்னஞ்சிறு கடலுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கரிமம் சொற்பம்.

நாளைக்கே நாம் புகையைக் குறைத்து, காற்றிலுள்ள வாயுவை வெளியே எடுக்கத் தொடங்கினாலும், வாங்கியதில் ஒரு பகுதியைக் கடல் திருப்பித் தரும். ஆகவே கடலை நம்பி, புகையைக் குறைப்பதைத் தள்ளிப்போடும் திட்டத்தோடு யாராவது வந்தால், கேள்வி கேளுங்கள்: 2023-ஐ உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா?