ஒன்றரை முழத் தேள்

நம் ஊர் நட்டுவாக்காலி ஒரு சாண் நீளத்துக்கு வந்தாலே வீடு அமளிப்படும். இன்று உயிரோடிருக்கும் தேள்களில் ஆகப் பெரியவை அந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் திரிந்த ஒரு தேளோ ஒன்றரை முழம், அதாவது 70 செ.மீ. அதன் பெயர் பல்மோனோஸ்கார்பியஸ். 'நுரையீரல் தேள்' என்று பொருள்.

இத்தனை பெரிய உடம்பு இருக்க, நுரையீரலைப் பார்த்தா பெயர் வைப்பார்கள்? காரணம் உண்டு. ஆதித் தேள்கள் நீரில் வாழ்ந்தனவா, நிலத்திலா என்பது ஆய்வாளர்களிடையே பழைய வழக்கு. செவுளையோ நுரையீரலையோ கண்ணால் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். இரண்டுமே மெல்லிய சவ்வு. செத்ததும் முதலில் அழுகுவது அதுதான்.

எடின்பரோவுக்கு மேற்கே பாத்கேட் என்ற ஊரில் ஈஸ்ட் கிர்க்டன் சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. ஒரு காலத்தில் எரிமலைகளுக்கு நடுவே கிடந்த ஏரியின் வண்டல் அது. அங்கே வெட்டிய கல்லால் கட்டிய ஒரு சுவரில்தான் 1984-ல் ஸ்டான் உட் என்ற புதைபடிவச் சேகரிப்பாளரின் கண் விழுந்தது. பிறகு குவாரியைக் கிளறினால், தேள்!

அச்சு மட்டும் பதிந்த கல் அல்ல, மேல்தோலே மிஞ்சியிருந்தது. தேளின் தோலில் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் தேள் பச்சையாக ஒளிர்வது அதனால்தான். லேசில் மக்காத படலம். ஆண்ட்ரூ ஜெரம் இந்தத் தேள்களை ஆராய்ந்து, உள்ளே புத்தக நுரையீரல் இருப்பதை 1990-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1994-ல் பெயரும் வைத்தார். புத்தகம் என்பதைவிட ஓலைச்சுவடி என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும். வயிற்றடியில் சிறு துளை, அதற்குள் அடுக்கடுக்காக ஏடுகள். ஏட்டுக்குள் இரத்தம், ஏடுகளுக்கு இடையே காற்று. இன்றைய தேளும் இப்படித்தான் மூச்சு விடுகிறது. ஆக, இந்தத் தேளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது: நிலத்துப் பிராணி.

கண் மட்டும் வேறு மாதிரி. இன்றைய தேளின் பக்கக் கண்கள் கடுகு கடுகாக இருக்கும். இதற்கோ பல வில்லைகள் சேர்ந்த பெரிய கண்கள். பகலிலும் வேட்டையாடியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

அந்த ஒன்றரை முழம்கூட, பெரிய துண்டுகளை வைத்துப் போட்ட கணக்குதான். முழு உடலாகக் கிடைத்தவை எல்லாம் அதைவிடச் சிறியவை.