செம்பு தேடிய மண்வெட்டி

கருங்கடலின் கீழைக் கரையில் ஜார்ஜியா என்றொரு சிறிய நாடு. 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள், அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஓரத்தில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் மண்வெட்டியும் கையுமாக நிலத்தைக் கிளறினார் என்கிறது காவல்துறை. எதற்காக? புதையலுக்காக! ஏழை தேடும் புதையல் வேறென்ன? மண்ணில் புதைந்த பழைய செம்புக் கம்பிதான். எடை போட்டால் நாலு காசு கிடைக்கும். நம் ஊர்க் காயலான் கடைக்காரரைக் கேளுங்கள், செம்பின் அருமையைச் சொல்வார்.

மண்வெட்டி எதன் மீதோ பட்டது. ஏதோ அறுந்தது. அவ்வளவுதான்! எல்லைக்கு அப்பால், அண்டை நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதியில் இணையம் அணைந்துபோயிற்று. ஆபீசுகளில் கணினிகள் விழித்தன. செய்தி ஏடுகள் திகைத்தன. பல மணி நேரம் ஒரு நாடே உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. மூதாட்டியைக் கைது செய்தார்கள். தாம் எதையும் வெட்டவில்லை, வெட்டும் வலிமையும் தமக்கில்லை என்றார் அவர். இணையம் என்றால் என்னவென்றே தெரியாது என்றும் சொன்னார்.

உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டின. நமக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே! செம்பு தேடிய கைக்குக் கண்ணாடி ஏன் சிக்கியது? ஒரு மண்வெட்டி வெட்டினால் ஒரு நாடே இருளும் நிலை எப்படி வந்தது? இந்த இரண்டையும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக நமக்கு மனமில்லை.

முதலில் ஒரு மயக்கத்தை ஒழிப்போம். இணையம் ஆகாயத்திலிருந்து இறங்கி வருகிறது என்று படித்தவர்களே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையில் மட்டுந்தான் காற்று. அதற்குப் பின்னாலுள்ள நெடும்பயணம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் நடக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கடலடிக் கேபிளில்தான் போகிறது. வானத்தைக் காட்டுகிறவர்கள், குழி தோண்டியவனை மறைக்கிறார்கள்.

அந்தக் குழிகளில் முதலில் படுத்தது செம்பு. இங்கிலாந்திலே ஆலிவர் ஹெவிசைடு என்றொருவர் இருந்தார். 1850-இல் இலண்டன் மாநகரின் வறிய பகுதியில் பிறந்தவர். இளமையில் கண்ட காய்ச்சலால் காது மந்தமானவர். பதினாறு வயதோடு பள்ளியை விட்டவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தந்தி ஆபீசில் குமாஸ்தா வேலை. தந்திக் கம்பியில் செய்தி ஏன் சிதைகிறது, ஏன் தேய்கிறது என்று தானே கணக்குப் படித்துத் தானே ஆராய்ந்தார். 1880-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்புதான் கோ-ஆக்சியல் கேபிள். நடுவிலே ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கடக்காத உறை. அந்த உறையைச் சுற்றி மீண்டும் உலோகக் கவசம். இரண்டு உலோகத்துக்கும் அச்சு ஒன்றே, ஆகவே அந்தப் பெயர். வெளியே இடி இடித்தாலும் மோட்டார் இரைந்தாலும் அந்த இரைச்சலைக் கவசம் தாங்கிக்கொள்ளும். உள்ளே செய்தி போய்க்கொண்டிருக்கும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் திருகியிருக்கும் வட்டக் கேபிளை வெட்டிப் பாருங்கள்: காது மந்தமான அந்தக் குமாஸ்தாவின் மூளை உள்ளே தெரியும்!

1956-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்காட்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை, அட்லாண்டிக் மாகடலின் அடியில், முதல் தொலைபேசிக் கேபிள் இயங்கத் தொடங்கியது. அதுவும் கோ-ஆக்சியல்தான். ஒரே நேரத்தில் 36 பேச்சுகள் அதில் போகலாம். அன்று அது அதிசயம்.

கணினிகளை ஒன்றோடொன்று பேசவைத்த கேபிளும் இதுவே. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்சும் ஈதர்நெட் என்ற முறையை உருவாக்கியபோது, கோ-ஆக்சியல் கேபிளைத்தான் எடுத்தார்கள். பின்னாளில் அது தோட்டத்துக் குழாய் பருமனில் மஞ்சள் கேபிளாக ஆபீஸ் ஆபீசாக ஓடியது. 500 மீட்டர் நீளம், நூறு கணினி வரை ஒரே கேபிளில். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் வாயெடுத்தால் இரண்டு பேச்சும் கெட்டு, இருவரும் சிறிது நின்று மறுபடி தொடங்க வேண்டும். நம் கிளைக்கழகக் கூட்டங்களில் சிலருக்கு அந்தக் கேபிளின் ஒழுக்கம் வந்தால் நன்றாயிருக்கும்!

ஆனால் அந்தக் கேபிளுக்கு ஒரு கொடிய குணம் இருந்தது. எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால், முனையில் மாட்டிய மூடி கழன்றால், அந்த ஒரு கணினி மட்டும் விழுவதில்லை, வரிசையே விழும். மேசையை நகர்த்தினால் போதும், மாடி முழுவதும் ஊமையாகும். எங்கே அறுந்தது என்று ஒவ்வோர் இணைப்பாகத் தடவித் தடவித் தேட வேண்டும். பொறியாளர்கள் பாடம் கற்றார்கள். 1990 வாக்கில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து நடுவிலே ஒரு பெட்டியில் சேர்க்கும் முறை பரவியது. கம்பி கூடுதல், செலவு கூடுதல். ஆனால் ஒருவர் விழுந்தால் ஒருவர்தான் விழுவார். ஆபீசுக்கு அந்தச் செலவைச் செய்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்குத் தெரியும்: நீருக்குள்ளிருந்து சாய்வாக மேலே பார்த்தால் நீர்மட்டம் நிலைக்கண்ணாடியாகப் பளபளக்கும். சாய்ந்து வரும் ஒளி வெளியே போக முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. அதே வித்தைதான்: தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைக்குள் விட்ட ஒளி, சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே ஓடும். ஒளியை அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றிச் செய்தி சொல்லலாம். ஆனால் ஒளி சில மீட்டரில் மங்கிவிட்டதால் யாரும் நம்பவில்லை. சாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், 1966-இல் தோழர் ஜார்ஜ் ஹாக்காமுடன் சேர்ந்து சொன்னார்: குற்றம் கண்ணாடியில் இல்லை, கண்ணாடியில் கலந்துள்ள அழுக்கில் இருக்கிறது, அழுக்கை நீக்குங்கள். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில் நீக்கிக் காட்டினார்கள். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஒளியில் பாதி மிச்சமிருக்கிறது. காவுக்கு நோபல் பரிசு 2009-இல் வந்தது. அப்போது மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது.

கண்ணாடியில் செய்தி விரைந்து ஓடுகிறது என்பார்கள். அது பாதி உண்மை. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நல்ல செம்புக் கேபிளிலும் ஏறத்தாழ அவ்வளவே! ஓட்டத்தில் அன்று, அகலத்தில்தான் வெற்றி. 1988-இல் அட்லாண்டிக்கின் அடியில் போட்ட முதல் கண்ணாடிக் கேபிள் 40,000 பேச்சுகளைச் சுமந்தது. முப்பத்தாறு எங்கே, நாற்பதாயிரம் எங்கே! செம்பு பின்வாங்கியது. கண்ணாடியைத் தெருவரை கொண்டுவந்து, தெருவிலிருந்து வீட்டுக்கு மட்டும் பழைய கோ-ஆக்சியலை இழுக்கிற வழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. நெடுவழியெல்லாம் கண்ணாடியின் ஆட்சி.

தெருவோரத்தில் குடையை விரித்து உட்கார்ந்து, சிறு பெட்டியொன்றில் இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். வெட்டி எறிந்த துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு துணுக்கையும் ஒட்டுத்தாளில் ஒட்டிவைப்பார். கை நடுங்கக் கூடாத வேலை அது.

செம்பு தேடிய மண்வெட்டிக்குக் கண்ணாடி சிக்கிய கதை இதுதான். மண்ணுக்குள் இருந்த பொருள் மாறிவிட்டது. மண்ணுக்கு மேலே இருந்த வறுமை மாறவில்லை. ஆயிரமாயிரம் பேச்சைச் சுமக்கும் இழைக்கு எடைக்கடையில் விலையில்லை!

சரி, ஒரு நாடு ஏன் இருண்டது? கேபிளுக்குப் பாதுகாப்பு பலமாகத்தான் இருந்தது, மண்சரிவும் மழையும் அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம் என்றது அதன் சொந்தக்கார நிறுவனம். இருக்கட்டும். ஆனால் அறுந்த வழிக்கு ஈடான மாற்று வழி இருந்திருந்தால், மண்வெட்டியின் வெட்டு செய்தியாகவே ஆகியிருக்காது. மஞ்சள் கேபிளின் பழைய நோய் அது! ஆபீஸ் மாடியிலிருந்து விரட்டியதை நாடுகளின் தலையில் வைத்திருக்கிறார்கள். 2008 ஜனவரி 30-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவே தடுமாறிற்று. 2022 ஜனவரி 15-இல் எரிமலை வெடித்து டோங்கா தீவுகளின் ஒரே வெளிநாட்டுக் கேபிள் சிதைந்தது. முதன்மைத் தீவுக்கு அது திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று. கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளைகள், வீட்டார் உயிரோடிருக்கிறார்களா என்றறியத் தவித்த நாட்கள் அவை.

இரண்டாவது கேபிள் போடத் தெரியாதா? தெரியும். பணம் புழங்கும் இடத்தில் போடுகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜினியா பீச்சிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோவுக்கு 2017-இல் 6,600 கிலோமீட்டர் கேபிளை மைக்ரோசாஃப்டும் ஃபேஸ்புக்கும் கூட்டாளிகளோடு போட்டுக்கொண்டார்கள், அங்கே ஏற்கெனவே பல இருக்க. இலாபம் இல்லாத கரைக்கு எந்த முதலாளி கப்பல் அனுப்புவான்?

சான்று நம் கடலிலேயே இருக்கிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாலு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். தமிழர் பலரும் அங்கே வாழ்கிறார்கள். கரையோடு இணைக்க ஒரு கேபிள் இல்லாமல் செயற்கைக்கோளை நம்பிக் கிடந்தார்கள். 2020 ஆகஸ்ட் 10-இல்தான் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற ஏழு தீவுகளுக்கும் கண்ணாடிக் கேபிள் சேர்ந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். போட்டது யார்? தொலைபேசி நிறுவனங்களின் வருவாயிலிருந்து அரசு திரட்டிய பொது நிதி. செய்து முடித்தது பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். நாலு இலட்சம் பேருக்காக இவ்வளவு பணமா என்று கணக்குப் பார்த்திருந்தால், தீவுக்காரன் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்.

ஜார்ஜியாவிலோ, வழி ஒன்றே என்று விட்டவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம் என்று செய்திகள் சொன்னது அந்த மூதாட்டிக்குத்தான்.