கணக்கு மாத்திரை

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஈஸ்ட் பிராவிடன்ஸ் என்ற ஊர். அங்கே எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்று குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை ஒன்று இருந்தது. ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, வாழ்நாள் முழுக்க அதன் பாதிப்போடு இருந்த ஒரு பெண்ணின் நினைவாக, அவளுடைய பெற்றோரின் சொத்தில் எழுந்த இல்லம் அது. அங்கே மருத்துவராக இருந்த சார்லஸ் பிராட்லியும் அந்தக் குடும்பத்து உறவினர்தான்.

மூளைக்குள் என்ன கோளாறு என்று பார்க்க அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. முதுகுத்தண்டில் ஊசியேற்றி, மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். படம் கிடைக்கும், கூடவே குழந்தைக்குக் கடுமையான தலைவலியும் வரும். இறக்கிய திரவம் சீக்கிரம் ஊறிவிட்டால் வலி குறையும் என்று பிராட்லி நினைத்தார். அந்த ஊற்றைத் தூண்டிவிட பென்செட்ரின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். அது ஆம்ஃபிடமின், தூக்கத்தை விரட்டும் ஊக்கமருந்து.

தலைவலி போகவில்லை. ஆனால் எதிலும் ஒட்டாமல் இருந்த சில பிள்ளைகள் பாடத்தில் ஊன்றி உட்கார ஆரம்பித்தார்கள். பிராட்லி இதை அப்படியே விட்டுவிடவில்லை. 5 முதல் 14 வயது வரையுள்ள 30 பிள்ளைகளை ஒரு வாரம் மருந்தில்லாமலும், அடுத்த வாரம் மருந்தோடும், மூன்றாம் வாரம் மறுபடி மருந்தில்லாமலும் கவனித்தார். 14 பேர் படிப்பில் கண்கூடாக முன்னேறினார்கள். 15 பேர் ஆர்ப்பாட்டம் குறைந்து அமைதியானார்கள். மாத்திரை தொடங்கிய நாளே மாற்றம் தெரிந்தது. நிறுத்திய நாளே மறைந்தது. பிள்ளைகள் அதற்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: கணக்கு மாத்திரை.

தூண்டினால் எப்படி அடங்கும்?

ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு இன்னும் ஓடவைக்கும் மருந்தைக் கொடுத்தால், அது எப்படி உட்காரும்? கேட்ட எவருக்கும் எழும் கேள்விதான். மருத்துவ உலகம் இதை ‘முரண் விளைவு’ என்று அழைத்தது. நாளடைவில் அந்தப் பெயரிலிருந்து ஒரு முடிவும் முளைத்தது: இந்தக் குழந்தைகளின் மூளையே வேறு வார்ப்பு, மற்றவர்களை முடுக்கும் மருந்து இவர்களை மட்டும் அடக்குகிறது, ஆகவே மருந்துக்கு அடங்கினால் நோய் உறுதி.

1978இல் ஜூடித் ரேப்பபோர்ட் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. கவனத்திலோ நடத்தையிலோ எந்தச் சிக்கலும் இல்லாத 14 சிறுவர்களுக்கு அவர்கள் ஆம்ஃபிடமின் வகை மருந்தை ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறுவர்களும் ஆட்டம் குறைந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கவனமும் கூடியது. அப்படியானால் முரண் என்று எதுவும் இல்லை. எல்லோருடைய மூளையிலும் மருந்து ஒரே வேலையைத்தான் செய்கிறது; ஒவ்வொரு மூளையும் புறப்படும் இடம்தான் வேறு. தூண்டினால் எப்படி அடங்கும் என்பதற்கான விடையைப் பிராட்லியே 1937இல் தொட்டிருந்தார். மூளையின் மேல்மட்டப் பகுதிகளுக்குக் கட்டுப்படுத்துவதும் ஒரு வேலை. அவற்றைத் தூண்டினால் உடம்பு தன் வசப்படும் என்பது அவருடைய ஊகம்.

அந்த வேலை என்னவென்று தெரிய, 47ஐயும் 38ஐயும் கூட்டும் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை எழுதிவிட்டு, மீதி ஒன்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்று தாளில் இல்லை. இரண்டு மூன்று நொடிகளுக்கு மூளைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதற்குள் மின்விசிறி கிறீச்சிடுகிறது. பக்கத்துப் பையன் பென்சிலால் மேசையைத் தட்டுகிறான். சட்டைக் காலர் உறுத்துகிறது. குழந்தை நான்கையும் மூன்றையும் கூட்டி ஏழு என்று எழுதிவிடுகிறது. விடை 75. குழந்தைக்குக் கூட்டத் தெரியும். மனசில் வைத்த ஒன்றுதான் நழுவிவிட்டது.

அந்த ஒன்றைத் தாங்கிப் பிடிப்பவை நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதியின் நரம்பணுக்கள். ஒன்றையொன்று தட்டியெழுப்பிக்கொண்டே இருந்து, கண்ணெதிரே இல்லாத ஒன்றை அவை உயிரோடு வைத்திருக்கின்றன. இதற்கு இரண்டு வேதிப்பொருள்கள் துணை நிற்கின்றன. நார்அட்ரினலின் வேண்டிய சேதியை உரக்கச் சொல்ல வைக்கிறது. டோபமின் வேண்டாத இரைச்சலைத் தணிக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாகக் குரங்குகளிடம் ஆராய்ந்து காட்டியது, இவை இரண்டும் சமையலில் உப்பைப் போல என்பதுதான். குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். குறைவாக இருக்கும்போது கவனம் சிதறுகிறது. பயத்திலும் பதற்றத்திலும் அளவு மீறும்போது அந்தப் பகுதியே வேலையை நிறுத்திவிடுகிறது.

நரம்பணு டோபமினைக் கொட்டியதும், கொட்டியதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கென்று அதன் மேற்பரப்பில் சிறு வாசல்கள் உண்டு. 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கி, தம் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று அழைத்த மெத்தில்ஃபெனிடேட் அந்த வாசல்களில் போய் அடைத்துக்கொள்கிறது. வழக்கமான மருத்துவ அளவிலேயே பாதிக்கு மேற்பட்ட வாசல்கள் அடைபடுவதை நோரா வோல்கோ என்ற ஆய்வாளரின் குழு 1990களில் மூளையைப் படம்பிடித்துக் காட்டியது. ஆம்ஃபிடமின் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளிவிடுகிறது. உப்புக் குறைந்திருந்த குழம்புக்கு ஒரு சிட்டிகை உப்பு கிடைக்கிறது. மனசில் வைத்த ஒன்று மனசிலேயே நிற்கிறது.

காபி குடித்தால் தூக்கம் வருகிறவர்கள்

‘எனக்குக் காபி குடிச்சாத்தான் தூக்கமே வருது’ என்று ஏடிஎச்டி எனப்படும் கவனச்சிதறலும் மிகையான துறுதுறுப்பும் உள்ளவர்கள் பலர் சொல்வார்கள். கேட்பவர்கள் நம்புவதில்லை. இதைப் புரிந்துகொள்ள, காபி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்கான ஏற்பிகளில் போய் உட்கார உட்கார, அசதி தெரிகிறது. காபியில் உள்ள காஃபீனின் உருவம் அடினோசினைப் போலவே இருப்பதால், அதன் நாற்காலியில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் அங்கேயே இருக்கும். உட்கார இடம் இருக்காது. களைப்பு தீர்ந்துவிடுவதில்லை, தெரியாமல் போகிறது. இந்த ஏற்பிகளில் ஒரு வகை, மூளையின் நடுப்பகுதியில் டோபமின் ஏற்பிகளை ஒட்டியே இருந்துகொண்டு அவற்றுக்குக் கடிவாளம் போடுகிறது. காஃபீன் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துகிறது. மெத்தில்ஃபெனிடேட் டோபமினின் அளவையே கூட்டுகிறது. காபி, இருக்கிற டோபமினுக்கு வழிவிடுகிறது.

இது போதுமா என்ற கேள்வியும் பழையதுதான். 1973இல் ராபர்ட் ஷ்னாக்கன்பர்க் என்ற மருத்துவர், துறுதுறுப்பு மிகுந்த குழந்தைகளுக்கு ரிட்டலினுக்குப் பதிலாகக் காபியே கொடுக்கலாம் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார். மற்றவர்கள் அதைக் கட்டுப்பாடான முறையில் சோதித்தபோது, காஃபீன் மெத்தில்ஃபெனிடேட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. கொஞ்சம் உதவுகிறது, நம்பி இருக்க முடியாது என்ற நிலையிலேயே அது நின்றுவிட்டது.

சரி, தூக்கம் ஏன் வருகிறது? ஒரு விளக்கம் இது. காலாட்டுவதும், விரலால் தாளம் போடுவதும், எழுந்து நடப்பதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் மூளையைத் தட்டி எழுப்ப உடம்பு செய்யும் முயற்சிகள். காபி அந்த வேலையைச் செய்துவிட்டால் கால் ஓய்கிறது. ஓடிய எண்ணங்கள் ஒரு வரிசைக்கு வருகின்றன. அந்த ஓய்வில், அதுவரை கவனிக்கப்படாமல் கிடந்த களைப்பு தலைதூக்குகிறது. இன்னொன்றும் உண்டு. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் பலருக்கு உடலின் இரவே தாமதமாகத்தான் தொடங்குகிறது. உறக்கத்துக்கு முன்னோடியான மெலடோனின் மற்றவர்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சுரக்கிறது. தூக்கம் குறையும், மறுநாள் அசதியைக் காபி மறைக்கும், மாலைக் காபி மறுபடியும் இரவைத் தள்ளிப்போடும். காபி குடித்துவிட்டு அயர்கிறவர் பல நாள் தூக்கக் கடனைச் சுமப்பவராகவும் இருக்கலாம்.

பதின்வயதுப் பிள்ளைகள் காபியோடு நிற்பதில்லை. எனர்ஜி டிரிங்க் பக்கம் போகிறார்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றுக்கு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீனை அனுமதிக்கிறது. அந்த உச்ச அளவில் 250 மில்லி டின் ஒன்றில் 75 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 90. ஒரு டின்னிலேயே முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே ஊக்கமருந்து சாப்பிடும் பிள்ளை என்றால் இதயத் துடிப்பையும் பதற்றத்தையும் இரண்டும் சேர்ந்தே ஏற்றும்.

அதே மருந்து, வேறு உடம்பு

2013க்கு முன், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின்படி ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு ஏடிஎச்டியும் இருப்பதாக எழுத முடியாது. அந்த ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்புதான் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்று ஏற்றது. வீட்டில் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே தெரிந்திருந்த விஷயம்.

இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் மருந்து எப்படி வேலை செய்கிறது? 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆட்டிசத்தோடு மிகையான துறுதுறுப்பும் உள்ள 72 குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்தது. 49 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. ஏடிஎச்டி மட்டும் உள்ள குழந்தைகளில் இது 70 முதல் 80 விழுக்காடு. பக்கவிளைவு தாங்காமல் 18 விழுக்காட்டினர் நிறுத்திவிட்டார்கள்; பெரும்பாலும் தீராத சிடுசிடுப்பு. பாதிப் பேருக்குக் கைகொடுக்கும் மருந்தைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கை தாழ்த்தித்தான் தொடங்க வேண்டும்: குறைந்த அளவு, மெதுவான ஏற்றம், ஒவ்வொரு படியிலும் நின்று பார்ப்பது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு ட்யூப்லைட்டின் ரீங்காரமும் குக்கர் விசிலும் மற்றவர்களுக்குக் கேட்பதைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கின்றன. பதற்றமும் பலருக்கு நிழல்போல் கூடவே இருக்கிறது. உப்பு ஏற்கெனவே சரியாகவோ தூக்கலாகவோ இருக்கும் குழம்பு அது. அங்கே இன்னொரு சிட்டிகை என்ன செய்யும் என்பதை யூகிக்கலாம். அதோடு, தன் உடம்புக்குள் நடப்பதைப் படித்தறிவது இவர்களில் பலருக்குக் கடினம். நெஞ்சு படபடக்கும்போது அது காபியா, பயமா, பசியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம்.

கல்லீரலும் இதில் பங்கு கேட்கிறது. காஃபீனை உடைக்கும் நொதியின் பெயர் சிஒய்பி1ஏ2. சாதாரணமாக ஒருவர் குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பதற்றத்துக்கும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் மனச்சுழற்சி நோய்க்கும் தரப்படும் ஃப்ளூவோக்ஸமின் மாத்திரை இந்த நொதியை ஏறக்குறைய முடக்கிவிடுகிறது. அதைச் சாப்பிடுகிறவர்களிடம் அந்த ஐந்து மணி நேரம் 31 மணி நேரமாக நீண்டதை ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் குடித்த காபியில் பாதி, செவ்வாய் பிற்பகலிலும் ரத்தத்தில் இருக்கிறது. தூக்கத்துக்காக ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெலடோனினை உடைப்பதும் இதே நொதிதான். ஆகவே என்ன மருந்து என்று கேட்கும் மருத்துவரிடம், எத்தனை காபி, எத்தனை டீ, எந்த நேரத்தில் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

பெயர் வைத்தவர்கள்

மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் நாம் வெளியிலிருந்துதான் பதில் சொல்கிறோம். பிள்ளை உட்கார்ந்தான், ஓடவில்லை, ஆசிரியர் புகார் சொல்லவில்லை. ஆனால் பயத்திலும் பிள்ளை அசையாமல் உட்காருவான். வயிற்று வலியிலும் உட்காருவான். அளவு மீறிய மருந்திலும் முகம் வெறித்து உட்காருவான். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே அமைதிதான்.

அதனால் பிள்ளையிடம் கேட்க வேண்டும். பேச முடிந்த பிள்ளையிடம் வார்த்தையால். பேசாத பிள்ளையிடம் வேறு வழிகளில்: மதியம் சாப்பிட்டானா, வழக்கமாக முணுமுணுக்கும் பாட்டு நின்றுவிட்டதா, பிடித்த பொம்மையை எடுத்தானா, இரவு எத்தனை மணிக்குக் கண் அசந்தான். மாத்திரை கொடுத்த நேரத்தை எழுதும் நோட்டிலேயே இதையும் எழுதி வைக்கும் ஒரு தாய், எந்த மருத்துவருக்கும் எட்டாத ஆய்வைச் செய்கிறாள்.

ஈஸ்ட் பிராவிடன்ஸ் பிள்ளைகள் அதற்கு அமைதி மாத்திரை என்று பெயர் வைக்கவில்லை. நல்ல பிள்ளை மாத்திரை என்றும் வைக்கவில்லை. தங்களுக்குள் எது மாறியதோ அதையே பெயராக வைத்தார்கள். நரம்பணுக்களின் வாசல்கள் படம்பிடிக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் சொன்ன பெயர் சரியாக இருந்தது. பிள்ளை அடங்கினானா என்று கேட்பதற்கு முன், மனசில் வைத்த ஒன்று நின்றதா என்று அவனிடமே கேட்போம்.