குமாரசாமி கைக்கு வந்த கறுப்புக் கல்

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி என்றால் நடராசர் சிலைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அவர் படித்துத் தேர்ந்தது நிலவியல். சர் முத்து குமாரசாமியின் மகனான அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார்.

பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக்கல் தேடிக் கழுவிய சரளையில் கிடைத்த கறுப்புக் கனசதுரங்களை, 1904 வாக்கில் ஹாலந்து என்பவர் அவரிடம் சேர்ப்பித்தார். குமாரசாமி அவற்றை யுரேனினைட் என்றே கருதினார். லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தோரியம் ஆக்சைடு! தோரியனைட் என்று பெயர் வைத்தவரும் டன்ஸ்டன்தான். 'குமாரசாமி கண்டுபிடித்த கனிமம்' என்று எழுதுபவர்கள் ஹாலந்தையும் டன்ஸ்டனையும் விட்டுவிடுகிறார்கள்.

குமாரசாமியின் கணிப்பில் நியாயம் இருந்தது. தோரியம் ஆக்சைடு, யுரேனியம் ஆக்சைடு இரண்டின் படிகக் கட்டமைப்பும் ஒன்றே: ஒவ்வோர் உலோக அணுவையும் எட்டு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். அதனால் ஒன்றின் இடத்தில் மற்றது எளிதாக உட்கார்ந்துவிடும். தோரியம் மிகுந்தால் தோரியனைட், யுரேனியம் மிகுந்தால் யுரேனினைட். பெரும்பான்மையை வைத்துத்தான் பெயர்.

கை நிறையக் கனக்கும் கல் இது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இரும்பின் அடர்த்தி 7.9, இதுவோ ஒன்பதைத் தாண்டும். சரளையைக் கழுவினால் அடியில் தங்கிவிடும். தூய தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சிர்கான் போன்ற கற்களின் படிக ஒழுங்கை உள்ளிருக்கும் கதிரியக்கமே காலப்போக்கில் குலைத்துவிடும். தோரியனைட் அதையும் தாங்கி நிற்கிறது.

கதிரியக்கத்தில் பிறக்கும் ஹீலியமும் இதற்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். சூடாக்கினால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 9 கன செ.மீ. வெளிவரும். அதை அளந்த இயற்பியலாளர் ஸ்ட்ரட், 1910 வாக்கில் இந்தக் கற்களுக்கு 20 கோடி ஆண்டுக்கு மேல் வயது சொன்னார். ஹீலியம் கசிந்திருக்கும் என்பதால் அது குறைந்தபட்சக் கணக்குதான். 1905-ல் லண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வகத்தில் ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்ததும் இலங்கைத் தோரியனைட்டிலிருந்தே. பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்.

எரிவாயு விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அதனால் இந்தக் கல்லுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் கிடைத்த அளவு சொற்பம். 1909-ல் திருவிதாங்கூர்க் கடற்கரையில், மணவாளக்குறிச்சி மணலில் ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்டார். அதில் தோரியம் ஆக்சைடு பத்து சதவீதத்துக்குள்தான்; கனிம வகைப்பாட்டில் அது ஆக்சைடும் அல்ல, பாஸ்பேட். ஆனாலும் கொட்டிக் கிடந்ததால், தோரியச் சந்தையில் மோனசைட்டே கோலோச்சியது.