நாலே இதழ்தான்... ஆனால் நிலைத்தது பெயர்!

குட்டீஸ், நண்பர்களோடு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறீர்களா? முதல் இதழுக்கு எல்லாரும் போட்டி போட்டு எழுதுவார்கள். மூன்றாவது இதழுக்கு ஆளையே காணோம்!

லண்டன் இளைஞர்கள் சிலரும் 1850ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அவர்களுக்கு எழுத ஆள் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை!

அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஓவியர்கள். ஹோல்மன் ஹன்ட், மில்லைஸ், டான்ட்டே கேப்ரியல் ரொசெட்டி உள்பட ஏழு பேர் 1848ல் ஒரு குழு அமைத்திருந்தார்கள். 'பழைய ஓவியங்களைப் பார்த்து அப்படியே வரைவது போதும். இயற்கையை நம் கண்ணால் பார்த்து வரைவோம்' என்பது அவர்கள் கொள்கை. அதை ஊருக்குச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டுமே! ரொசெட்டியின் தம்பி வில்லியம்தான் ஆசிரியர். வயது 20!

பெயர் வைக்க 65 பெயர்கள் கொண்ட பட்டியலே தயாரானது. அதிலிருந்து தேர்வானது, 'தி ஜெர்ம்'. உடனே 'கிருமி' என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள்! விதைக்குள் இருக்கும் 'முளை' என்பதே இங்கே பொருள்.

கவிதை, கதை, கட்டுரை எல்லாம் உண்டு. இதழுக்கு ஒரு படமும் உண்டு. விலை ஒரு ஷில்லிங். ஜனவரியில் முதல் இதழ் 700 பிரதிகள் அச்சாயின. விற்றவை சுமார் 200 மட்டுமே! இரண்டாவது இதழை 500 ஆகக் குறைத்தார்கள். அது இன்னும் மோசம்.

பாவம், கையில் காசு இல்லை. கடையை மூடிவிடலாம் என்று இருந்தபோது, அச்சகம் நடத்திய டப்பர் குடும்பத்தார் கைகொடுத்தார்கள். 'இன்னும் இரண்டு இதழ் எங்கள் செலவில் போடுகிறோம்' என்றார்கள். பெயரையும் 'ஆர்ட் அண்ட் பொயட்ரி' என்று மாற்றிப் பார்த்தார்கள். ஊஹூம்! நான்காவது இதழோடு பத்திரிகை நின்றே போனது.

அவ்வளவுதானா? இல்லை!

அதில் 'எலன் ஆலின்' என்ற பெயரில் சில கவிதைகள் வந்திருந்தன. அப்படி யாரும் கிடையாது. எழுதியவர் ஆசிரியரின் தங்கை கிறிஸ்டினா ரொசெட்டி. வயது 19. அந்தப் புனைபெயரைச் சூட்டியது அண்ணன் கேப்ரியல். 1862ல் 'காப்ளின் மார்க்கெட்' நூலைச் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார் கிறிஸ்டினா.

விற்காத அந்தப் பத்திரிகை ஆக்ஸ்போர்டில் படித்த வில்லியம் மோரிஸ், பர்ன்-ஜோன்ஸ் என்ற இரு மாணவர்கள் கைக்கும் போனது. படித்துவிட்டு மயங்கிப்போனார்கள். 1856ல் நண்பர்களோடு சேர்ந்து தாங்களும் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதுவும் 12 இதழ்களோடு நின்றது. ஆனால், பின்னாளில் இருவருமே பெரிய கலைஞர்கள் ஆனார்கள்.

1901ல் 'தி ஜெர்ம்' இதழ்கள் நான்கையும் பழையபடியே மறுபதிப்புச் செய்தார்கள். முன்னுரை எழுதியது யார் தெரியுமா? அதே வில்லியம் ரொசெட்டி! 70 வயதைத் தாண்டிவிட்ட அவர், பெயர் போடாமல் வந்தவற்றை எல்லாம் யார் யார் எழுதியது என்று அதில் விவரமாகச் சொல்லிவிட்டார்.

'முளை' என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், இல்லையா குட்டீஸ்?