கருவி விளக்கமும் காண்டிகை மரபும்

கணிப்பொறிக் கருவிகளுக்கு விளக்கம் எழுதுதல் புதிய தொழில் அன்று. யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்கு 1971 நவம்பரில் வெளிவந்த முதற் கையேட்டிலேயே, கட்டளையின் பெயர், அமைப்பு, விளக்கம் என்பவற்றோடு, அதன்கண் உள்ள குறைகளைக் கூறும் பகுதியும் தனியே இடம் பெற்றது. தம் படைப்பின் குறையைத் தாமே தலைப்பிட்டு உரைத்த அந்நேர்மை பாராட்டற்குரியது. ஆயினும் அக்கையேட்டைப் படித்தோர் மனிதர். விளங்காத இடத்தைத் தம் பட்டறிவால் நிரப்பிக்கொள்ளவும், அருகிருந்தாரை வினவவும் அவர்க்கு இயன்றது.

இன்று அவ்விளக்கத்தைப் படிப்போர் மனிதர் மட்டும் அல்லர். பெருமொழி மாதிரிகளைக் கொண்டு இயங்கும் முகவர் நிரல்கள், தமக்குத் தரப்பட்ட கருவிகளைத் தாமே தேர்ந்து இயக்குகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் தன் மாதிரிகள் வெளிக்கருவிகளை அழைத்தற்கு வழிசெய்தது. ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்னும் பொதுநெறி, கருவிகளை மாதிரிகட்கு அறிமுகஞ் செய்யும் முறையை ஒழுங்குபடுத்திற்று. இம்முறைகளில் மாதிரியின் முன் வைக்கப்படுவன கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீடுகளின் பெயரும் வகையும் ஆகியனவே. கருவியின் உள்ளமைப்பு பெரும்பாலும் அதற்குப் புலப்படாது. ஆகவே அச்சில வரிகளே அதற்கு நூல், உரையும் அவையே, ஆசிரியர் வாய்மொழியும் அவையே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு கருவிக்குத் 'தேதி' என்னும் உள்ளீடு வேண்டும் என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். 03-04-2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கர்க்கு மார்ச் 4. மனிதர் ஐயுற்று நிற்பர். நிரலோ பல வேளைகளில் ஒன்றைத் துணிந்து மேற்செல்லும். அது பயணச்சீட்டுப் பதியும் கருவியாயின் இழப்புப் பணத்தளவில் நிற்கும். பழைய பதிவுகளை அழிக்கும் கருவியாயின் இழந்தது மீளாமலும் போகும். "ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில், 2025-04-03 என்பதுபோல் தருக" என்னும் ஒரு தொடர் இவ்விடரை விலக்கும். ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருளும் சேனாவரையர் வேறொரு பொருளும் காண்பது நம் துறைக்கு வளம். நம்மிற் பலர் அதனால் வாழ்கின்றோம் என்றும் கூறலாம். கருவி விளக்கத்திலோ அவ்வளம் கேடாய் முடியும்.

அங்ஙனமாயின் விரித்தெழுதுதலே தக்கது எனக் கொள்ளலாமோ எனின், அன்று. மாதிரி ஒரு நேரத்திற் கருத்திற் கொள்ளத்தக்க எழுத்துக்கு எல்லையுண்டு. ஐம்பது கருவிகட்கு ஐம்பது நெடிய விளக்கங்களை வைப்பின், பணி தொடங்குமுன்னரே அவ்விடத்தின் பெரும்பகுதி நிரம்பும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டும் ஒருங்கே ஊறு விளைக்கும் இடம் இது. நன்னூற் பொதுப்பாயிரம் வகுத்த இருவகை உரையுள் ஈண்டு வேண்டப்படுவது காண்டிகையே என்பது என் கருத்து. விருத்தியுரை வேறோரிடத்து இருக்கலாம். வேண்டுங்கால் நிரல் அதனைத் திறந்து படித்துக்கொள்ளும்.

காண்டிகையின் உறுப்புகள் இவ்விடத்துப் பெரிதும் பொருந்துகின்றன. கருவி எதற்கு உரியது என்பது கருத்து. ஒவ்வோர் உள்ளீட்டின் பொருளும் வடிவும் பதப்பொருள். 'பயனர்' என்று வாளா கூறின் பெயரோ அடையாள எண்ணோ என ஐயம் எழும்; 'பயனர் எண்' எனின் எழாது. மாதிரி அழைப்பு ஒன்றைக் காட்டுதல் காட்டு. வினாவிடையே பலரும் மறக்கும் உறுப்பு. இதனை எப்போது பயன்படுத்தலாகாது, இதனை ஒத்த பிறிதொரு கருவியினின்று இஃது எவ்வாறு வேறுபடும் என்பவற்றுக்கு அங்கே விடை இருத்தல் வேண்டும். கருவி திருப்பி அனுப்பும் பிழைச் செய்தியும் விடையின்பாற்படும். 'தவறான உள்ளீடு' என்பதனால் நிரல் யாதும் கற்பதில்லை. 'மாதம் 13 எனத் தரப்பட்டது. 1 முதல் 12 வரை தருக' என்பதனால் மறுமுறை திருந்தும்.

சில பிழைகள் உரையால் தீரா. நூற்பாவையே திருத்துதல் வேண்டும். மென்பொருட் குறைகளைக் களையும் முகவர் நிரல் ஒன்றை அமைத்த ஆந்த்ரோப்பிக் நிறுவனத்தார், முதன்மை ஏவலுரையினும் கருவிகளைச் செப்பஞ்செய்தற்கே மிகுதியான காலம் செலவிட்டதாக 2024 டிசம்பரில் எழுதினர். அந்நிரல் தொடக்க அடைவை விட்டு வேறோர் அடைவுக்குச் சென்றபின், கோப்புகளுக்குச் சார்புத் தடங்களைத் தந்து தவறியது. எப்போதும் முழுத்தடமே வேண்டும் எனக் கருவியை அவர் மாற்றியமைத்தபின் அப்பிழை ஒழிந்தது. விளக்கத்தில் எச்சரிக்கைகளை அடுக்குவதினும் இது நன்று.

எழுதியவர் தம் விளக்கத்தைத் தாமே படித்துத் தெளிவாயிற்று எனத் துணிதல் போதாது. நிரலிடம் சில பணிகளை ஒப்படைத்து, எவ்விடத்துத் தவறான கருவியை எடுத்தது, எந்த உள்ளீட்டைப் பிறழத் தந்தது என நோக்கித் திருத்தல் வேண்டும். மாணவன் தவறாகக் கூறிய விடையைக் கொண்டு தம் உரையைத் திருத்திய ஆசிரியர் நம்மிடையே சிலரே. இங்கோ அத்தவறுகள் அனைத்தும் வரிவரியாகப் பதிவாகிக் கிடைக்கின்றன.